எம்ஜிபி பிறந்த வழியில்: ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து விட்னி வரை

புதன், ஆக்ஸ்ஃபோர்டு

லாங்வால் தெருவில் ஒரு பக்கம் முழுக்க மாட்லின் கல்லூரியின் நீண்ட மதில். எதிர்ப்பக்கம் செங்கல் முகப்போடு ஒரு பழைய கட்டடம். இப்போது அதில் நியூ கல்லூரி மாணவர்கள் தங்கியிருக்கிறார்கள். சுவரில் நீல வட்டப் பலகை, பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சில பழைய படங்கள். 1910இல் வில்லியம் மோரிஸ் கட்டிய மோட்டார் கராஜ் இதுதான். சைக்கிள் பழுது பார்த்துத் தொழில் தொடங்கியவர், தன் முதல் காரை இங்கேதான் உருவாக்கினார். அவருடைய விற்பனை நிறுவனத்துக்கு மோரிஸ் கராஜஸ் என்று பெயர். எம்ஜி என்ற கார் பெயரின் இரண்டு எழுத்துகளும் அதிலிருந்து வந்தவை.

கூட வந்திருப்பவர் என் சித்தப்பா. கோயம்புத்தூரில் வொர்க்‌ஷாப் வைத்திருந்தவர். எந்த வண்டி வந்தாலும் பார்ப்பார், ஆனால் அவர் கைக்குப் பழகியது அம்பாசடர். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவரிடம் எங்கே போகலாம் என்று கேட்டேன். "அம்பாசடர் பொறந்த ஊரைக் காட்டு கண்ணு" என்றார். அது இந்த ஊர்தான். நம் அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ். இங்கிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய கவ்லியில் செய்யப்பட்ட கார் அது. எனக்கோ வெகுநாளாக எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை. இரண்டுக்கும் ஒரே வம்சத்து இஞ்சின் என்பதால் இரண்டு பேருக்கும் ஒரே பயணம் போதும் என்று முடிவு செய்தோம்.

எம்ஜியின் கதையை மோரிஸிடமிருந்து தொடங்கினாலும், அதற்கு உயிர் கொடுத்தவர் செசில் கிம்பர். 1921இல் விற்பனை மேலாளராகச் சேர்ந்தார், அடுத்த ஆண்டே பொது மேலாளர் ஆனார். சாதாரண மோரிஸ் காரின் சேஸை, அதாவது அடிச்சட்டத்தை, எடுத்துக்கொண்டு, அதன் மேல் அழகான, எடை குறைந்த பாடியைக் கட்டி விற்கலாம் என்பது அவர் யோசனை. ஓட்டுவதில் சந்தோஷம் வேண்டும், ஆனால் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை. எம்ஜியின் அடிப்படைக் கணக்கே இதுதான். கடைசிவரை அது மாறவில்லை என்பதுதான் இந்த காரை நான் மதிக்கக் காரணம். ஜாகுவார் வேறு உலகம், ஆஸ்டன் மார்ட்டின் அதைவிட வேறு உலகம். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் ஒருவர் கடையில் போய்க் கேட்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜி.

இடம் போதாமல் ஆக்ஸ்ஃபோர்டுக்குள்ளேயே அவர்கள் பட்டறையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1929இல் தெற்கே அபிங்டன் என்ற சின்ன ஊருக்குப் போனார்கள். அங்கே நாளை மறுநாள் போகிறோம்.

வியாழன், கேடன்

வார்விக்‌ஷயரில் கேடன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் விமானப்படைத் தளமாக இருந்த இடத்தில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. சாயங்காலம் கதவு மூடும்வரை இருந்தோம், அப்படியும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை.

முதலில் 'ஓல்டு நம்பர் ஒன்'. 1925இல் கிம்பர் இதை லேண்ட்ஸ் எண்ட் போட்டிக்கு ஓட்டிப்போய்த் தங்கப் பதக்கம் வாங்கினார். பெயரை வைத்து இதுதான் முதல் எம்ஜி என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு முன்பே எம்ஜி என்ற பெயரில் கார்கள் விற்பனையாகியிருந்தன. ஆனாலும் விற்பதற்கு இல்லாமல் ஓட்டத்துக்காகவே கட்டப்பட்டது என்ற வகையில் இதற்குத் தனி மரியாதை உண்டு.

அப்புறம் ஈஎக்ஸ் 181. இதன் முன்னால் சித்தப்பா ரொம்ப நேரம் நின்றார். முன்பக்கம் உருண்டு, பின்னால் ஒடுங்கிக்கொண்டே போய், தரையில் விழப்போகும் கண்ணீர்த்துளியைப் படுக்க வைத்தது மாதிரி இருக்கும். ஓட்டுபவர் முன்னால் படுத்த நிலையில் இருக்க வேண்டும், இஞ்சின் அவருக்குப் பின்னால். 1957இல் அமெரிக்காவின் பான்வில் உப்புப் பாலையில் ஸ்டெர்லிங் மாஸ் இதை மணிக்கு 245 மைல் வேகத்தில் ஓட்டினார். கிலோமீட்டரில் சுமார் 395. 1959இல் கொஞ்சம் பெரிதாக்கிய இஞ்சினோடு ஃபில் ஹில் 254 மைலைத் தொட்டார்.

மாஸ் ஓட்டியபோது அதில் இருந்த இஞ்சின் 1489 சிசி. நான் அந்த எண்ணைப் படித்துச் சொன்னதும் சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "நம்ம வண்டியும் அதேதானே கண்ணு" என்றார். ஆமாம். அம்பாசடரில் 1959 முதல் வந்த பெட்ரோல் இஞ்சினும் 1489 சிசிதான். மோரிஸும் ஆஸ்டினும் இணைந்து உருவான பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ் என்ற குடும்பம் அது. சாதனைக் காரில் அதற்கு வால்வுகளைத் திறக்கும் இரட்டை கேம் ஷாஃப்ட் கொண்ட தலை வைத்து, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரும் பூட்டியிருந்தார்கள். எத்தனை ஆயிரம் டாக்ஸிகளை ஓடவைத்த இஞ்சினோ, அதன் நெருங்கிய சொந்தம் 395 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருக்கிறது.

அந்த வடிவத்தை உருவாக்கியவர் சிட் எனவர். மோரிஸ் கராஜில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, முறையான பொறியியல் படிப்பு இல்லாமலே எம்ஜியின் தலைமை வடிவமைப்பாளராக உயர்ந்தவர். எம்ஜிபியும் அவர் தலைமையில்தான் பிறந்தது. அதன் உடலை வரைந்தவர் டான் ஹேட்டர், எம்ஜிக்கு வருவதற்கு முன் ஆஸ்டன் மார்ட்டினில் வேலை பார்த்தவர்.

1955இல் வந்த எம்ஜிஏ அழகான கார்தான், ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் அதற்குத் தனி சேஸ் இருந்தது. சேஸ் தனி, பாடி தனி என்றால் எடையும் கூடும், உள்ளே இடமும் குறையும். எம்ஜிபியில் எனவர் சேஸைத் தூக்கி எறிந்துவிட்டு, பாடியே பாரத்தைத் தாங்கும் முறைக்கு மாறினார். மேல் கூரை இல்லாத காரில் இதைச் செய்வது சுலபமில்லை. கூரை இருந்தால் அது வண்டியை முறுக்காமல் பிடித்துக்கொள்ளும். கூரை இல்லாதபோது அந்தப் பலம் முழுக்கக் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதியிலிருந்தும், நடுவே கியர்பாக்ஸை மூடும் சுரங்கத்திலிருந்தும் வர வேண்டும். அதைச் சரியாகச் செய்தார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் எம்ஜிஏவைவிட 3 அங்குலம் குறைவு, உள்ளே இடமோ அதிகம். உட்கார்ந்து பார்த்தால்தான் இந்த வித்தை புரியும். உயரமான ஆள்கூடக் காலை நீட்டலாம்.

1962 செப்டம்பரில் எம்ஜிபி வெளிவந்தது. இஞ்சின் 1798 சிசி, 95 குதிரைத்திறன், மணிக்கு 100 மைலைச் சற்றே தாண்டும் வேகம். சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு ஆர்வமாக இருந்தது: ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய்வரும் தூரம், 88.9 மில்லிமீட்டர், அம்பாசடரில் இருந்த அதே அளவு. சிலிண்டரின் குறுக்களவான போர் மட்டும் 73 மில்லிமீட்டரிலிருந்து 80-ஐத் தாண்டிப் போயிருக்கிறது. "அப்ப சிலிண்டருக்கு நடுவுல தண்ணி போக எடம் எங்கிருக்கும்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. இடம் போதாமல் சில சிலிண்டர்களை ஒட்டியே வார்க்க வேண்டியிருந்தது. முதல் கார்களில் சுழலும் கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான். 1964 இறுதியில் ஐந்தாக்கினார்கள். பழைய மூன்று பேரிங் இஞ்சின் கொஞ்சம் துள்ளலாகச் சுழலும் என்று விரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு ஐந்து பேரிங்தான். நீண்ட தூரம் போகும் வண்டிக்கு அதுவே நல்லது.

1965இல் ஜிடி வந்தது. எம்ஜியின் பொது மேலாளர் ஜான் தோர்ன்லிக்கு நெடுநாள் ஆசை அது. குழந்தைகள் பிறந்தபிறகும் ஒருவர் விற்காமல் வைத்துக்கொள்ளக்கூடிய, கூரையும் பின்கதவும் உள்ள எம்ஜி. கூரை வரைவதில் இத்தாலியின் பினின்ஃபரினா உதவியது. என்னைக் கேட்டால் கூரையில்லாத ரோட்ஸ்டரைவிட ஜிடிதான் அழகு. இங்கே பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, இந்த மியூசியத்தின் சேகரிப்பில்தான் அபிங்டனில் இறுதியாகக் கட்டப்பட்ட ரோட்ஸ்டரும் ஜிடியும் இருக்கின்றன.

வெள்ளி, அபிங்டன்

தேம்ஸ் ஓரத்தில் அமைதியான ஊர். சந்தைத் திடலில் பழைய கவுண்டி ஹால் நிற்கிறது, 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கீழ்த்தளம் தூண்களும் வளைவுகளுமாகத் திறந்த வெளி. மேலே ஊர் அருங்காட்சியகம். அரச குடும்பத்தில் ஏதாவது விசேஷம் என்றால் இதன் கூரையிலிருந்து கூட்டத்துக்கு பன் வீசுவது ஊர் வழக்கம். அப்படி வீசிய பன்கள் சிலவற்றைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த பன்களுக்குப் பக்கத்தில், இதே மாடியில், ஒரு முழு எம்ஜிபி நிற்கிறது.

தொழிற்சாலை இருந்த இடம் ஊருக்கு மேற்கே. பாவ்லோவா தோல் தொழிற்சாலையின் உபரிக் கட்டடத்தில் 1929இல் எம்ஜி குடியேறியது. இப்போது அங்கே வேறு கட்டடங்கள் வந்துவிட்டன. பெயர்கள் மட்டும் மிச்சம்: கிம்பர் சாலை, நஃபீல்டு வே (மோரிஸ் பின்னாளில் நஃபீல்டு பிரபு ஆனார்). பக்கத்திலேயே எம்ஜி கார் கிளப்பின் அலுவலகம், அதன் பெயரும் கிம்பர் ஹவுஸ்.

இந்தத் தொழிற்சாலையைப் பற்றி இரண்டு விஷயங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, இது ஒரு அசெம்பிளி ஆலை. பாடி ஓர் ஊரிலிருந்து லாரியில் வரும், இஞ்சின் இன்னோர் ஊரிலிருந்து வரும். இங்கே பூட்டுவார்கள். தானாக நகரும் கன்வேயர் கிடையாது. ஒரு வேலை முடிந்ததும் வண்டியை அடுத்த ஆளிடம் கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். 5 லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபிகள் இப்படித் தள்ளிக்கொண்டே செய்யப்பட்டவை. வேலைநிறுத்தங்களால் மற்ற ஆலைகள் திணறிய காலத்திலும் அபிங்டனில் தொழிலாளர் உறவு நன்றாக இருந்தது. அப்பா, மகன், சித்தப்பா என்று குடும்பமாக வேலை பார்த்த இடம்.

இரண்டாவது, பிஎம்சியின் போட்டிப் பிரிவு இங்கே இருந்தது. 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கர்க் வென்ற மினி கூப்பர் தயாரானது இந்த ஊரில்தான். அதே ஹாப்கர்க், ஆலன் ஹட்சசனோடு சேர்ந்து 1963 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எம்ஜிபி ஓட்டினார். பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முல்சான் வளைவில் ஹட்சசன் மணலில் இறங்கிவிட்டார். விதிப்படி வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அவரே மணலைத் தோண்டித் தோண்டி வண்டியை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகும் ஓட்டி, 12ஆவது இடம், தன் வகுப்பில் முதல் இடம். 1966இல் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் நடந்த மாரத்தானில் ஒட்டுமொத்த வெற்றியே எம்ஜிபிக்குத்தான். இதைவிட வேகமான கார்கள் எத்தனையோ. உடையாமல் ஓடுவது என்று வரும்போது இந்த எளிய இஞ்சின் முன்னால் வந்து நின்றது.

மத்தியானம் கிளப் உறுப்பினர் ஒருவர் தன் 1970ஆம் ஆண்டு ரோட்ஸ்டரோடு வந்திருந்தார். பானட்டைத் திறந்ததுமே சித்தப்பா குனிந்துவிட்டார். எல்லாம் அவருக்குத் தெரிந்த இடத்தில் தெரிந்தபடி இருந்தது. புஷ்ராட், ராக்கர், பக்கவாட்டில் டைனமோ இருக்க வேண்டிய இடத்தில் ஆல்டர்னேட்டர். ஒரு கார்பரேட்டருக்குப் பதில் இரண்டு எஸ்யூ. "டேப்பெட் எத்தனை வைக்கறாருன்னு கேளு" என்றார். கேட்டேன். 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி என்றார் அந்த மனிதர். சித்தப்பா தலையை ஆட்டி, "நாங்களும் பதினஞ்சுதான்" என்று விரலை மடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒருவர் கையைக் காட்டுவார், இன்னொருவர் பதிலுக்கு ஒரு பாகத்தைத் தொட்டுக் காட்டுவார்.

மார்ச்சம் சாலை வழியாகச் சின்னதாக ஒரு ஓட்டம். இந்தச் சாலைகளில்தான் புது எம்ஜிகளைச் சோதித்து ஓட்டுவார்கள். உயரம் இவ்வளவு குறைவாக உட்கார்ந்து போனால் 40 மைலே 70 மாதிரி இருக்கிறது. ஸ்டியரிங் கனம், ஆனால் சொன்ன பேச்சு கேட்கும். மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது எக்ஸாஸ்டில் வரும் உறுமல் இருக்கிறதே, அதற்காகவே ஒருவர் இந்த வண்டியை வாங்கலாம். பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் அதிர்வை அடக்க நெம்புகோல் டேம்பர் என்று சஸ்பென்ஷன் பழைய காலத்துச் சமாசாரம். பள்ளம் வந்தால் முதுகெலும்புக்குத் தெரியும்.

இனி வருத்தமான பகுதி. 1968இல் பிரிட்டிஷ் லேலண்ட் உருவானபோது எம்ஜியும் அதன் நேர்ப் போட்டியாளரான ட்ரையம்ஃபும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. புது ஸ்போர்ட்ஸ் காருக்கான பணம் ட்ரையம்ஃப் டிஆர்7க்குப் போனது. எம்ஜிபிக்கு வாரிசு செய்யக் காசு வரவில்லை. கென்ட்டைச் சேர்ந்த கென் காஸ்டெல்லோ என்ற பந்தய வீரர் தனியாளாக எம்ஜிபிக்குள் ரோவர் வி8 இஞ்சினை வைத்து விற்றுக் காட்டிய பிறகுதான் நிறுவனமும் 1973இல் ஒரு வி8 ஜிடி செய்தது. அலுமினிய இஞ்சின் என்பதால் எடையும் ஏறவில்லை, அருமையான வண்டி. 2,591 செய்து 1976இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் கனமான ஆறு சிலிண்டரைத் திணித்த எம்ஜிசி மூக்கு பாரத்தால் பெயர் கெட்டுப்போனதையும் சேர்த்துப் பார்த்தால், நல்லதை நிறுத்துவதில் அவர்கள் காட்டிய அவசரம் எனக்கு இன்றும் கோபம் தருகிறது.

1974 இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் குரோம் பம்பர் போய்ப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. உயரத்தையும் ஒன்றரை அங்குலம் ஏற்றினார்கள். வளைவில் வண்டி சாயத் தொடங்கியது. ரப்பர் பம்பர்தான் எம்ஜிபியைக் கொன்றது என்று ரசிகர்கள் பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த பம்பரோடும் அமெரிக்கர்கள் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். பவுண்டின் மதிப்பு ஏறியதும், பத்து ஆண்டுகளுக்கு மேலாக முதலீடே இல்லாமல் விட்டதும்தான் காரணம். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் 900 பவுண்ட் நட்டம் என்று நிர்வாகம் சொன்னது.

1979 செப்டம்பரில் அபிங்டன் ஊரே எம்ஜி அங்கு வந்த 50ஆம் ஆண்டைக் கொண்டாடியது. அந்த விழாவுக்காக உள்ளூர் மோர்லண்ட் மதுபான ஆலை ஒரு பீர் கூடச் செய்தது. ஆலைக்குள் எடுபிடி வேலைக்கு ஓடி, பெயின்ட் அடிக்கும் பிரிவுக்கு வெளியே நின்று நின்று உடம்பெல்லாம் பெயின்ட் புள்ளி விழுந்த ஒரு பழைய எம்ஜியின் செல்லப் பெயரிலிருந்து அதற்கு 'ஓல்டு ஸ்பெக்கில்டு ஹென்' என்று பெயர். விழா முடிந்த கையோடு, செப்டம்பர் 10, திங்கட்கிழமை, ஆலையில் எம்ஜி உற்பத்தி நிற்கப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. ஆஸ்டன் மார்ட்டின் தலைமையிலான குழு ஒன்று வாங்க முயன்றது, பணம் திரளவில்லை. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியேறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. மேல்மாடியில் அந்த பன்களோடு நிற்கும் காரை இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் போய்ப் பார்த்தேன்.

சனி, விட்னி

நியாயமாகக் கதை 1980இல் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்கே இருக்கும் விட்னி. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் இங்கே எம்ஜிபி பாடியைப் புதிதாகச் செய்து விற்கிறது. மறுபிரதி இல்லை. அன்றைக்குத் தகடு அடித்த அதே அச்சுகளைத் தேடி எடுத்து, 1988 முதல் அவற்றிலேயே அடிக்கிறார்கள். கிளப் நண்பர் ஒருவர் முன்பே சொல்லி வைத்திருந்ததால் குழுவோடு உள்ளே போக முடிந்தது.

இது ஏன் தேவை என்றால், எம்ஜிபியின் பலமே அதன் பலவீனமும். சேஸ் இல்லாத காரில் சில் துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போனது மாதிரி. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு உள்ளே போய்த் தின்றுவிடும். வெளித் தகட்டை மட்டும் மாற்றிப் பட்டி வைத்து மூடினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடு உளுத்துப் போயிருக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இறுக்கமாகிவிட்டால் அந்த வண்டியை வாங்கவே கூடாது. வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள்: பெயின்டைப் பார்க்காதீர்கள், கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இஞ்சின் பழுது பெரிய விஷயமே இல்லை, எல்லா உதிரிப் பாகமும் கிடைக்கும். சில், தரை, பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம் மூன்றும் சேர்ந்து போயிருந்தால், வெட்டி ஒட்டும் கூலிக்குப் புது பாடி வாங்கிப் பழைய காரின் எல்லாவற்றையும் அதில் மாற்றுவதே மேல்.

உள்ளே ஜிக்கில், அதாவது பாகங்களை இடம் மாறாமல் பிடித்து வைக்கும் சட்டத்தில், ஒரு ரோட்ஸ்டர் பாடி நின்றது. பெயின்ட் இல்லாத தகடு. தொழிலாளி ஒருவர் ஸ்பாட் வெல்டிங் துப்பாக்கியைக் கயிற்றில் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். ரோபோ எதுவும் கிடையாது. முன் விங்கைப் பொருத்தி, கதவைத் தொங்கவிட்டு, இடைவெளி சரியில்லை என்று கழற்றி மறுபடி வைத்தார். சித்தப்பா கை கட்டி நின்று அதைக் கடைசிவரை பார்த்தார். மூன்றாம் தடவை கதவு உட்கார்ந்தபோது அந்தத் தொழிலாளி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த முயற்சி இன்னொரு வேலையும் செய்தது. கையில் பாடி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ரோவர் நிறுவனம் 1992இல் அதை மாற்றியமைத்து, வி8 வைத்து, ஆர்வி8 என்று ஏறக்குறைய 2,000 கார்கள் கவ்லியில் செய்தது. பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. இப்போது எம்ஜி என்ற பெயர் சீனாவின் எஸ்ஏஐசி நிறுவனத்தின் கையில். நம் ஊர்ச் சாலையில் 2019 முதல் ஓடும் எம்ஜி ஹெக்டர் காரில் ஒட்டியிருக்கும் எண்கோணச் சின்னம் கிம்பர் காலத்தது.

வெளியே வந்து டீ குடிக்கும்போது சித்தப்பா சொன்னார்: "கவ்லியிலிருந்து அம்பாசடருக்கு அச்சு கல்கத்தாவுக்கு வந்துச்சு. 2014-ல நிறுத்தினாங்க. அப்பவே யாராச்சும் அதையெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சு, தகடு அடிச்சுக் குடுத்திருந்தா நான் இன்னும் வொர்க்‌ஷாப் மூடியிருக்க மாட்டேன் கண்ணு." நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இதைச் செய்ய முடிகிறது என்றால், நாட்டையே சுமந்த ஒரு காருக்கு நாமும் செய்திருக்க வேண்டும். வாசலில் உதிரிப் பாகங்களின் விலைப் பட்டியல் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர் இரண்டு வாங்கிக்கொண்டார், ஒன்று கோயம்புத்தூரில் இன்னும் வொர்க்‌ஷாப் நடத்தும் நண்பருக்கு.